முகாம் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரிப் பழங்குடியினருக்கு, ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனை முகாம் நடந்ததைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பரிசோதனை முடிவு எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அதற்கப்புறம் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலையில். 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இடையில் போன எழுபது வருடமும் பணியர், குறும்பர், இருளர் வீடுகளில் பெரும்பாலும் தாங்களாகவேதான் சமாளித்து வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பணியர் வீட்டுப் பையன், தேயிலைத் தோட்டத்தில் வேலை. போன மழைக்காலத்தில் இடுப்பிலும் கால் எலும்பிலும் வலி வந்து நிற்கவே முடியாமல் போக, ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வெளியே காயமில்லை, வீக்கமில்லை. அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்கியா?" அவன் அம்மா அட்டையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், வாங்கிப் பார்க்க ஆளில்லை. ரத்தக் குழாய் அடைத்து வருகிற இந்த வலி பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, நோயாளி சொல்வதை நம்பினால்தான் வலிமருந்தே கிடைக்கும், ஆதிவாசி என்றாலே குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டவர் எப்படி நம்புவார்? அடுத்த தடவை வலி வந்தபோது அவன் வரமாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தான். இப்படிப்பட்டவர்களைத்தான் 'சிகிச்சைக்கு ஒத்துழைப்பதில்லை' என்கிறார்கள்.

அந்த அம்மாவைப் பாருங்கள். மேகம் கறுத்தால் மகனுக்கு ஸ்வெட்டர், வேலைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில், தினமும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. வலி அடிக்கடி வராமல் குறைக்கிற ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தீரப்போகிறது என்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். குளிரும், உடம்பில் நீர் குறைவதும் வலியைக் கிளப்பும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இதற்குமேல் என்ன ஒத்துழைப்பு வேண்டும்?

வேறு மாதிரியும் நடத்த முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், 1990-லிருந்து இயங்கும், அஸ்வினி என்ற தொண்டு அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை கூடலூரிலேயே இருக்கிறது. அங்கே செவிலியர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே பயிற்சி பெற்ற ஆதிவாசிப் பெண்கள்தான். தன் பேச்சிலேயே 'எங்கே வலிக்குது' என்று கேட்க ஒருவர் இருந்தால் பயம் பாதி போய்விடும். நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி செவிலியர் இதற்காகவே போராடினார், 1992-ல் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற பெயரில் அதை அங்கே செவிலியர் படிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். கொடுத்த கவனிப்பு நல்லதா, பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டியவர் நோயாளிதான், கொடுத்தவர் இல்லை என்பது அதன் அடிப்படை. நம் அரசு மருத்துவமனைகளிலும் பழங்குடி செவிலியர்களை நியமித்து, அரிவாள் செல் வலி வந்தால் குடியைப் பற்றி விசாரிக்கும் முன்பு அட்டையைப் பார்த்து வலியைக் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு போடலாமே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூன் மழை பிடிப்பதற்குள் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹைட்ராக்ஸியூரியா கையிருப்பு இருக்கிறதா, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்க அங்கேயே வசதி உண்டா என்று உங்கள் நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். முகாம் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள்.

— ஒரு வாசகர், பந்தலூர்