கதிரையை விட்டுத் தந்த தங்கைக்கும் மற்றெல்லோருக்கும்

அன்புடையீர்,

வெள்ளம் எங்கள் பாடசாலைக்குள் புகுந்ததையும் அது கொண்டுபோனவற்றையும் நான் இங்கே மறுபடியும் எழுதப்போவதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கிற ஊர்களில் அதை அறியாதவர் எவருமில்லை. கடல் கடந்து வாழும் எங்கள் பழைய மாணவர்களும் அன்றிரவே தொலைபேசியில் கேட்டு அறிந்துகொண்டார்கள். இந்த வாரம் எங்கள் கணினி அறை மறுபடியும் திறக்கப்பட்டது. அந்த அறையில் தரம் 10 பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் மல்டிமீடியாவும் வைத்து, எவருடைய துணையுமின்றி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நானே ஒரு புவியியல் பாடத்தை நடத்தினேன். அந்த நிறைவு மனத்தில் இருக்கும்போதே நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெண்கட்டியும் சுவர்ப்படமும் கொண்டே கற்பித்தவள் நான். கையால் வரைந்து நிறந்தீட்டிய வரைபடங்கள், துணியில் ஒட்டிப் பாதுகாத்த இலங்கைப் படம், ஆண்டாண்டாகச் சேர்த்த பாடக்குறிப்புகள் எல்லாம் ஓர் அலுமாரிக்குள் இருந்தன. இப்போது அவை இல்லை. நன்கொடையாக மடிக்கணினிகள் வந்து சேர்ந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன், ஆனால் அவற்றைக் கொண்டு என் பாடத்தை எப்படி நடத்துவது என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கையால் எழுதிய குறிப்புகளைத் தொலைபேசியில் படமெடுத்து வட்சப்பில் அனுப்பியிருந்தேன். சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று பிள்ளைகள் அவற்றை இறக்கிக்கொண்டார்கள். இணையத்தோடு எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துச் சந்தியில் ஒரு சிறிய கொமினிக்கேசன் இருக்கிறது. போட்டோப் பிரதி, றீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புதல், தட்டச்சு ஆகியவற்றை நம்பியே அந்தக் கடை நடக்கிறது. அதை ஓர் இளம்பெண் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே தங்கை என்றே குறிப்பிடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதற் பரீட்சைக்காக, கையெழுத்தில் இருந்த வினாத்தாளைத் தட்டச்சு செய்விக்க அவரிடம் கொண்டுபோனேன். பல தவணைகளாக எங்கள் பாடசாலை வினாத்தாள்கள் அங்கேதான் தட்டச்சாகி வருகின்றன. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கிற காசு அது. தாளை வாங்கிப் பார்த்தவர், தன் கதிரையிலிருந்து எழுந்து அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இண்டைக்கு நீங்கள் இருந்து அடியுங்கோ ரீச்சர், நான் பக்கத்தில நிக்கிறன்” என்றார்.

கேட்க மிகச் சிறிய காரியம் போலத் தோன்றும். அன்று அவர் எனக்குக் கற்றுத் தந்தது, அவருடைய வருமானத்தில் ஒரு பகுதியை இல்லாமற் செய்யக்கூடிய தொழில். அதை அவர் அறியாமற் செய்யவில்லை. “நீங்கள் பழகினால் மற்ற ரீச்சர்மாரும் பழகுவினம்” என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு வந்த பின்னேரங்களிலும் பாடசாலை முடிந்து நான் போகும்போதெல்லாம் அந்தக் கதிரை எனக்காகக் காலியாக இருந்தது. அந்த நேரத்துக்கு அவர் என்னிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். மவுஸ் என் கையில் இருக்கும்போது அவர் ஒருதடவைகூட அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். “மேல் மூலையைப் பாருங்கோ”, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்”, “அதை விட்டிட்டு ஒருக்கா யோசியுங்கோ” என்று சொல்லுவார், அவ்வளவுதான். பிரதி எடுக்க வந்தவர்கள் காத்து நின்றால் அவர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பி வருவார். நான் அதே இடத்தில் தேடிக்கொண்டிருந்தாலும் அவசரப்படுத்த மாட்டார். இதற்கு முன்னர் சில பயிற்சிகளுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே கற்பித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் குனிந்து, மவுஸை வாங்கி, நாலைந்து முறை அழுத்தி, “சரி, வந்திட்டுது” என்று சொல்லிப் போவார்கள். திரையில் வந்துவிடும், ஆனால் கைக்கு எதுவும் வந்திருக்காது. தங்கையிடம் பழகியது கையோடு தங்கிவிட்டது.

ஏன் இப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் தாங்கள் கணினி படித்தபோது ஒரு கணினிக்கு மூன்று பேர் இருந்ததாகவும், நடுவில் இருந்தவரிடமே எப்போதும் மவுஸ் இருந்ததாகவும், தான் ஓரத்தில் இருந்து பார்த்ததாகவும் சொன்னார். சான்றிதழ் கிடைத்த பிறகுதான், இந்தக் கடையில் வேலைக்கு வந்த இடத்தில், தன் கையால் முதன்முதலாக ஒரு கோப்பைத் திறந்து சேமித்தாராம். வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. என் வகுப்பிலும் ஓரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

அவரிடம் நான் கற்றவற்றில் இரண்டை மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வினாத்தாள்களில் பெரும்பாலானவை இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே, அவை தமிழ்ச் சட்டை போட்டு நிற்கின்றன என்று தங்கை விளங்கப்படுத்தினார். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் இருப்பதால், எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும், இணையத்தில் தேடினாலும் அகப்படும். பாமினிக்குப் பழகிய விரல்களை மாற்றுவது கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு எந்தப் பழக்கமும் இல்லாததால் முதல் எழுத்திலிருந்தே யூனிகோடில் தொடங்க வைத்தார். இன்று என் வினாத்தாளைப் பிள்ளையின் தொலைபேசிக்கு அப்படியே அனுப்ப முடிகிறது.

மற்றது கூகுள் ஏர்த். எங்கள் வகுப்பறையில் இணையம் வரும், போகும். மழைமுகில் கறுத்தால் வரவே வராது. அதற்கு அவர் ஒரு வழி காட்டினார். கணினியில் நிறுவிய கூகுள் ஏர்த், நாம் ஏற்கெனவே பார்த்த இடங்களின் படங்களை ஓரளவுக்குத் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். ஆகவே, பாடத்துக்கு வேண்டிய பகுதியை, வகுப்புக்குக் கொண்டுபோகும் அதே மடிக்கணினியில், முதல்நாளே கடையில் இணையத்தோடு வைத்து, தூரத்திலும் கிட்டத்திலுமாக மெதுவாகப் பார்த்துவிட்டால், மறுநாள் வகுப்பில் இணையம் இல்லாதபோதும் அந்தப் பகுதி திரையில் வரும். பழைய ஆண்டுகளின் படங்களைக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதைச் சொல்லித் தரும்போது அவர் குரலைத் தாழ்த்தி, “பிள்ளையளுக்குக் காட்ட முதல் நீங்கள் தனிய இருந்து பாருங்கோ ரீச்சர்” என்றார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஆயத்தமின்றிப் பார்க்கக் கூடாதவை போர்க் காலத்து அந்தப் பழைய படங்களில் இருக்கக்கூடும் என்பதை ஒரு கணினிப் பாடத்துக்கு நடுவிலே நினைத்துப் பார்த்துச் சொல்ல, இங்கே வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். நான் தனியே இருந்து பார்த்தேன். அந்த வசதியை இப்போதைக்கு வகுப்பில் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இவ்வளவும் சேர்ந்துதான் இந்த வாரத்துப் பாடம் நடந்தது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் தூரம் அளப்பதே பாடம். படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். வளைந்து செல்லும் ஆற்றையும் வாய்க்காலையும் நூலை வைத்து அளக்க வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரை வாய்க்காலில் ஒரு துண்டைப் பிள்ளைகள் முதலில் நூலால் அளந்தார்கள். பிறகு அதே துண்டைத் திரையில், கூகுள் ஏர்த்தின் அளவுகோலைக் கொண்டு, வளைவுக்கு வளைவு புள்ளி வைத்து அளந்தார்கள். இரண்டு விடைகளும் ஒத்து வரவில்லை. அங்கேதான் பாடம் உயிர் பெற்றது. நூல் தளர்ந்துவிட்டது என்றார்கள் சிலர். சிறிய வளைவுகளை இந்த அளவுத்திட்டத்தில் வரைய முடியாததால் படத்தில் வாய்க்கால் நேராக்கப்பட்டிருக்கிறது என்று, வழமையாக வாய் திறக்காத ஒரு பிள்ளை சொன்னாள். அவளுடைய வீடு அந்த வாய்க்கால் கரையில்தான் இருக்கிறது. தான் தினமும் சைக்கிளில் வரும் ஒரு வளைவு படத்தில் இல்லை என்று எழுந்து வந்து விரல் வைத்துக் காட்டினாள். இருபது ஆண்டுக் கற்பித்தலில், அளவுத்திட்டம் என்றால் என்ன என்பதை ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாக விளங்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. பேராறு எங்கள் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நந்திக்கடல் நீரேரியை நோக்கிப் போகும் வழியையும் பிறகு அவர்களே ஒருவர் மாறி ஒருவராக மவுஸைப் பிடித்துத் தேடிக் கண்டார்கள். வெள்ளம் எந்த வழியால் வந்தது என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதை நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்றெல்லோருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இங்கே ஒன்றாகவே சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளிலும் அறையின் திறப்பை நம்பித் தந்த எங்கள் அதிபருக்கும், தன் ஓய்வு பாடவேளைகளை எனக்காக ஒதுக்கிய தகவல் தொழில்நுட்ப ஆசிரியருக்கும், வந்து பார்த்து ஊக்கம் தந்த ஆசிரிய ஆலோசகருக்கும், சேறு அப்பிய கணினிகளைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து, பாகங்களுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்ட வவுனியாத் திருத்துநருக்கும், அந்தப் பெட்டிகளை ஆசனத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய பஸ் நடத்துநருக்கும், வகுப்பறைச் சேற்றை வாளி வாளியாக அள்ளிய பெற்றோருக்கும், மடிக்கணினிகளை அனுப்பிவிட்டு ஒரு பெயர்ப்பலகையும் கேட்காத பழைய மாணவர்களுக்கும் என் நன்றி. நனைந்து போன பாடநூல்களுக்குப் பதிலாகக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழ்ப் பாடநூல்களை இறக்கிப் பயன்படுத்தினோம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிச் சேர்த்து வரும் நூலகம் திட்டத்தின் தன்னார்வலர்களை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அலுமாரியோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த வன்னி பற்றிய பழைய எழுத்துகள் சிலவற்றை அவர்களுடைய தளத்தில் கண்டபோது அழுதேன். அவர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும்.

தங்கைக்கு நான் திருப்பிக் கொடுக்கக் கூடியது ஒன்றுதான். என் வகுப்பில் மவுஸ் பிள்ளையின் கையில் இருக்கும்போது நான் அதை வாங்கமாட்டேன். ஒரு கணினிக்கு மூன்று பேர் இருக்க வேண்டி வந்தால், ஓரத்தில் இருப்பவருக்கே முதல் முறை. தங்கையின் வருமானம் குறைந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் எனக்கு இருக்கிறது. அதனால் எங்கள் பாடசாலையின் பிரதி எடுக்கும் வேலை முழுவதையும் அவருடைய கடைக்கே கொடுப்பதென்று அதிபரும் நாங்களும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் காலையில் எங்கள் கணினி அறை திறந்திருக்கும். அயற் பாடசாலைகளின் ஆசிரியர்கள், முக்கியமாக என் வயதை ஒத்தவர்கள், தயங்காமல் வாருங்கள். நான் யூனிகோடில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் தரம் 10 வரைபடப் பயிற்சிகளும் அங்கே இருக்கின்றன. ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் பிரதி செய்து எடுத்துக்கொண்டு போகலாம். கதிரையில் நீங்கள் இருங்கள், நான் பக்கத்தில் நிற்பேன்.

நன்றியுடன்,
ஒரு புவியியல் ஆசிரியை,
முத்தையன்கட்டு