சலுகை விருந்தும் சேவைக் கட்டணமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை உணவகங்கள் சலுகை அறிவிக்கும் நாட்களில், இரவைவிட வேலைநாள் மதியத்தில் போனால் அதே சமையலைக் குறைந்த விலையில் நிதானமாகச் சாப்பிடலாம் என்பது என் அனுபவம். 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய, பல உணவகங்கள் சேர்ந்து சலுகை விலையில் விருந்து தரும் உணவக வாரமும் (Restaurant Week) 19.92 டாலர் மதிய உணவாகத்தான் அறிமுகமானது.

ஆனால், சென்ற மாதம் ஓர் உணவகத்தில் 499 ரூபாய் மதிய விருந்துக்குப் போனபோது, கேட்காமலே திறந்து வைத்த தண்ணீர் பாட்டிலுக்கு 120 ரூபாயும், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பில்லில் ஏறியிருந்தன. 5 சதவீத ஜிஎஸ்டி கட்டாயம். சேவைக் கட்டணமோ வாடிக்கையாளரின் விருப்பம், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சுட்டிக்காட்டியதும் மேலாளர் மறுபேச்சின்றி அதை நீக்கினார் (தண்ணீருக்கு மட்டும் மனம் இரங்கவில்லை). சலுகை விளம்பரத்திலேயே வரி உட்பட்ட இறுதி விலையை அச்சிட உணவகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை