மூணாறு காஷ்மீர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜனவரி பிறந்தால் போதும், செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட்டுகளில் புல் வெளுத்துக் கிடக்கும் படத்தோடு ‘காஷ்மீராக மாறிய மூணாறு’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. அந்த உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிப்போவதை யாரும் எழுதுவதில்லை, அது போகட்டும். படம் பார்த்து வரும் பயணிகள், இந்தப் பள்ளத்தாக்கைப் பனியாறு அறுத்ததா என்று கேட்கிறார்கள். எங்கள் ஓட்டுநர்களில் சிலரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். ராணுவத்தில் லடாக்கில் லாரி ஓட்டிவிட்டு, இப்போது மூணாறில் ஜீப் ஓட்டுகிறேன். இரண்டு மண்ணும் எனக்குப் பழக்கம்.

பனியாறு என்பது விடிந்ததும் காய்ந்துபோகிற பனி அல்ல. வருஷக்கணக்கில் விழுந்து இறுகிய பனி தன் பாரத்தாலேயே மெல்லக் கீழே நகர்வது. சியாச்சின் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அடியில் சிக்கிய கற்களால் பாறையைத் தேய்க்கும், விரிசலில் உறைந்து பாறையைப் பெயர்த்தெடுக்கும். அப்படி அறுபட்ட பள்ளத்தாக்கு தரை அகன்று, இருபுறமும் சுவர் போல் யு வடிவில் நிற்கும். இழுத்து வந்த கல், மணல், பொடி எல்லாவற்றையும் கலந்தபடியே ஓரத்திலும் முனையிலும் கொட்டிவைக்கும். பாறை அரைபட்ட பொடியால் கோடையில் லடாக்கில் ஆறு பால் கலந்தது மாதிரி ஓடும். மழை அற்பம்தான். உருகிவரும் நீரை வாய்க்காலில் திருப்பி பார்லியும் ஆப்ரிகாட்டும் விளைவிக்கிறார்கள். வாய்க்கால் எட்டும் வரைக்கும்தான் பச்சை, அதற்கு ஓரடி மேலே மொட்டைக் கல்.

நம் மலையில் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோதுகூட, பனியாறு ஓடவில்லை. 2,695 மீட்டர் ஆனைமுடியிலும் இல்லை. இங்கே வேலை செய்தது மழையும் ஓடையும். பாறை உளுத்து மண்ணாகி அங்கேயே தங்கியது. பனியாறு வந்திருந்தால் அதை வழித்துக்கொண்டு போயிருக்கும். தேயிலை நிற்பது அந்த மண்ணில்தான். பெருமழையில் ஊறிச் சரிவதும் அதே மண்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோனது. எல்லாம் எங்கள் எஸ்டேட் சனம். தண்ணீரும் அப்படித்தான். இங்கே உருகுவதற்குப் பனி கிடையாது. மழையைச் சோலைக் காடும் புல்வெளியும் பிடித்துவைத்து விடுவதுதான் பாம்பாறாகி அமராவதிக்குப் போகிறது. உடுமலை விவசாயிகள் நினைத்துப் பார்க்க வேண்டியது இந்தச் சோலைகளை.

அதற்காகப் பனியுகம் நம்மைத் தொடவே இல்லை என்று ஆகாது. சோலை ஆராய்ச்சிக்கு வந்தவர்களைக் கூட்டிப்போனபோது கேட்டது இது: உதகை அருகே சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணைச் சோதித்ததில், அந்தக் காலத்தில் இங்கே வறட்சி கூடிப் புல் பரவியிருந்தது தெரிந்திருக்கிறது. 1993-இல் வெளியான ஆய்வு. இன்னொரு சாட்சி காட்டுப் பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான் மரம். இமயத்தில் இருக்கிறது, இங்கே இருக்கிறது, நடுவே தக்காணத்தில் கிடையாது. குளிர்ந்த காலத்தில் பரவி, வெப்பம் ஏறியதும் உச்சிகளில் ஒதுங்கியிருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படத்தோடு எழுதினால் என்ன? வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலையை மூடிவிடுவார்கள். அதற்குள் உங்கள் நிருபரை அனுப்புங்கள், மரத்தை நான் காட்டுகிறேன். ஜீப் வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஓட்டுநர்,
மூணாறு.