பேருந்து புறப்படுமுன் ஓடிவந்த தம்பிக்கு

அம்பாசமுத்திரம்

அன்புடையீர்,

கடந்த சில வாரங்களாக எங்கள் வீட்டில் நடந்ததைத் தெருவார் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அப்பா இப்போது எழுந்து நடமாடுகிறார்.

படுத்திருக்கையில் மேல் அளவு 130 காட்டிய அப்பாவின் இரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் 80க்கு இறங்கிவிடும். நிற்கும்போது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்ல வேண்டிய நரம்புகள் தளர்ந்துவிட்டதே காரணம் என்று விளக்கிய மருத்துவர், மிடோட்ரின் மாத்திரை எழுதித் தந்தார். சீட்டில் 1-1-1 என்றிருந்தது. திருநெல்வேலியில் மூன்று கடைகளில் இல்லையென்று சொல்லக் கேட்டு, நான்காவது கடையில் வாங்கிக்கொண்டு, புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டியில் ஏறி அமர்ந்திருந்தேன். அப்போது, கடையில் மருந்தை எடுத்துக் கொடுத்த இளைஞர் மூச்சிரைக்க ஓடிவந்து, ஒவ்வொரு சன்னலாகப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். அம்பைக்குப் போக வேண்டும் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, மூணாவது மாத்திரைய ராத்திரி படுக்கப் போறப்ப குடுத்துராதிய."

இம்மருந்து குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுவது. உண்டவுடன் படுத்தால் அழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்துவிடும். ஆகவே கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். இதை அந்தத் தம்பி மருத்துவரிடமே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, காலை எழும்போது, நண்பகல், மாலை 4 என்று உறையில் தமிழில் எழுதியும் கொடுத்தார். எட்டு மணிக்கே படுத்துவிடும் அப்பாவுக்கு, இரவு உணவு முடிந்த கையோடு நான் அதைக் கொடுத்திருப்பேன் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எத்தனை மாத்திரை என்று கேட்டுக்கொண்ட நான், எந்நேரம் என்று கேட்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த உறை இன்றும் எங்கள் சாமி படத்தருகே இருக்கிறது.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்த, கால்கள் நழுவாதபடி குழி வெட்டிய இரு மரக்கட்டைகளைச் செய்து தந்து கூலி வாங்க மறுத்த தச்சு அண்ணாச்சிக்கும், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் சலிக்காமல் அழுத்தம் பார்த்த செவிலியர்களுக்கும், அடுத்த மாத மருந்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்த நடத்துநருக்கும், காலையில் அப்பா எழுமுன் செம்பு நிறையத் தண்ணீருடன் நிற்கும் மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களின் மருந்துச் சீட்டுகளை மருத்துவரிடம் கேட்டு, வேளையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலையை இனி நான் செய்வதாக வாக்களிக்கிறேன்.

மாத்திரை தீரும்போது என்னோடு வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பியிடம் நாற்காலி கேட்காமல், நின்றபடியே நன்றி சொல்ல வேண்டுமாம்.