காப்பகத்தை மூடுவதற்கு முன்னால் வீட்டைக் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பெரிய காப்பகங்களில் வைத்திருப்பதே அநியாயம், அமெரிக்கா எல்லாவற்றையும் மூடிவிட்டது, நாமும் மூட வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறேன். என் மகன் பெரியவனாகிவிட்டான். பேச்சு கிடையாது, வலிப்பு உண்டு, சாப்பாடு வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான். உங்கள் கட்டுரை பாராட்டுகிற மாதிரி, பராமரிப்பாளர்களோடு ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாழ்கிற ஒரு சின்ன வீட்டில்தான் அவன் இருக்கிறான், அந்த வீடு இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று தெரியவில்லை. அதனால் மூடக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எப்படி மூடினார்கள், அதற்கு முன்னால் எதையெல்லாம் தயார் செய்தார்கள், அதில் எது இன்றைக்கு ஆட்டம் காண்கிறது என்பதெல்லாம் கட்டுரையில் இல்லை, அது இல்லாமல் இந்தப் பேச்சே ஆபத்தானது என்று நினைக்கிறேன்.

முதலில், அமெரிக்கா எல்லாவற்றையும் மூடிவிடவில்லை. டெக்சாஸில் மட்டும் அரசே நடத்துகிற காப்பகங்கள் 13 இன்னும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவிலும் போர்ட்டர்வில் காப்பகத்தில் நீதிமன்றம் அனுப்புகிறவர்களுக்கான பகுதி தொடர்ந்து நடக்கிறது.

மூட வேண்டிய காரணம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற காப்பகத்தை 4,000 பேருக்காகக் கட்டி 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். உடம்பில் துணியில்லாமல் குழந்தைகள் தரையில் கிடந்ததை 1972இல் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் நாடே அதிர்ந்தது. எங்கள் மாநிலத்து சோனோமா காப்பகமும் லேசுப்பட்டதில்லை. 1909இல் வந்த ஒரு சட்டத்தைக் காட்டி அங்கே இருந்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள், இறந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வளாகத்திலேயே கல்லும் பெயரும் இல்லாமல் புதைந்திருக்கிறார்கள். இதெல்லாம் பழைய கதை என்றும் தள்ள முடியாது, 2011இல்கூட அங்கே வேலை செய்த ஒருவர் மின் அதிர்ச்சித் துப்பாக்கியால் அங்கிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார், வாய் பேச முடியாதவர்களை.

ஆனால் கலிஃபோர்னியா ஒரே நாளில் பூட்டுப் போடவில்லை. 1960களின் கடைசியில் அரசுக் காப்பகங்களில் 13,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பெற்றோர்கள் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் துரத்தியதில் 1969இல் லான்டர்மன் சட்டம் வந்தது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவருக்குத் தேவையான சேவை அரசு மனது வைத்துக் கொடுக்கிற உதவி கிடையாது, அவருடைய உரிமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதை நடத்துவதற்கு மாநிலம் முழுக்க 21 ரீஜனல் சென்டர்கள், அதாவது சேவைகளை ஏற்பாடு செய்து தருகிற வட்டார மையங்கள், இருக்கின்றன, இன்றைக்கு 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றின் பொறுப்பில் இருக்கிறார்கள். சோனோமாவில் கடைசி ஆள் வெளியேறியது 2018 டிசம்பரில். அதாவது சட்டம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது எங்கள் ஊர் ஆக்னியூஸ் காப்பகத்தைப் பற்றி. 2009இல் அதை மூடினார்கள். மூடத் திட்டம் போட்டபோது அங்கே சுமார் 400 பேர் இருந்தார்கள், அவர்களில் பலர் குழாயில் சாப்பிடுகிறவர்கள், மூச்சுக்கு இயந்திரம் வேண்டியவர்கள், தன்னைத்தானே அடித்துக்கொள்கிறவர்கள். அதனால் முதலில் வீடுகளை வாங்கினார்கள். அந்த வீடுகள் லாப நோக்கமில்லாத அமைப்புகளின் பெயரில் நிரந்தரமாக இருக்கும். நடத்துகிற நிறுவனம் சரியில்லை என்றால் நிறுவனம்தான் மாறும், உள்ளே இருப்பவர் பெட்டி கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை யோசித்தவருக்குக் கோயில் கட்டலாம். அப்புறம் 2005இல் இன்னொரு சட்டம் போட்டு, ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மேல் கூடாது, இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் இருக்க வேண்டும் என்று மருத்துவத் தேவை அதிகமானவர்களுக்காகவே தனி வகை வீடு கொண்டுவந்தார்கள். காப்பகத்தில் வேலை செய்தவர்கள் அரசு ஊழியர்களாகவே இருந்துகொண்டு இந்த வீடுகளில் வேலை பார்க்கவும் வழி செய்தார்கள். உள்ளே இருப்பவர் எதற்குச் சிரிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று தெரிந்த ஆட்கள் கூடவே வந்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களைப் போன்ற பெற்றோருக்குத்தான் புரியும்.

இவ்வளவு செய்தும் பெற்றோர்களில் பலர் எதிர்த்தார்கள், அவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு வருத்தம். நாற்பது ஐம்பது வருடம் ஒரே இடத்தில் இருந்த பிள்ளையை எழுபது எண்பது வயதில் இருக்கிற அம்மா அப்பா வேறு இடத்துக்கு அனுப்பச் சம்மதிப்பது சாதாரணமா? 1990களில் கலிஃபோர்னியா அவசர அவசரமாக ஆட்களை வெளியே அனுப்பியபோது, வெளியே போனவர்களிடம் இறப்பு விகிதம் கூடியிருப்பதாக ஆய்வுகள் வந்தன. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள், பெரிய சண்டையே நடந்தது. யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது ஆட்டம் காண்கிறது என்று சொன்னேனே, அது சம்பளம். காப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு அரசுச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வெளியே இருக்கிற வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்கோ பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் கிடைக்கிறது, பர்கர் கடையில் நின்றால் அதே பணம், முதுகு வலியும் வராது. மாநில அரசே கேட்டு வாங்கி 2019இல் வெளியான ஒரு ஆய்வு, இந்தச் சேவைகளுக்குக் கொடுக்கிற கட்டணம் வருடத்துக்கு 180 கோடி டாலர் குறைவாக இருக்கிறது என்று சொன்னது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறோம் என்று ஆரம்பித்து, கடைசித் தவணை 2025 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் தள்ளிப்போடப்பட்டு. மகன் இருக்கிற வீட்டில் பிரியமாகப் பார்த்துக்கொண்ட நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வலிப்பு வருவதற்கு முன்னால் அவன் இடது கை விரல்களை எப்படி மடக்குவான் என்று ஒரு புது ஆள் கற்றுக்கொள்வதற்கு மாதக் கணக்காகும், கற்றுக்கொண்டவர் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பல் வைத்தியம் இன்னொரு பாடு. மயக்க மருந்து கொடுத்துத்தான் அவனுக்குப் பல் பார்க்க முடியும், அப்படிப் பார்க்கிற டாக்டரிடம் தேதி வாங்கப் பல மாதம் காத்திருக்கிறோம், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு. பழைய காப்பகங்களின் வளாகத்திலேயே பல் டாக்டர் இருந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். அங்கே நிறைய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன, அதிலும் இடம் கிடைப்பது கஷ்டம். மற்றபடி காப்பகம் என்றால் அம்மாதான். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், டயப்பருக்கும் வலிப்பு மாத்திரைக்குமே அது பத்தாது. எங்கள் காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள் என்று ஊரில் இருக்கிற என் வயதுக்காரர்கள் கேட்கிறபோது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. மோசமாக நடக்கிற இல்லங்கள் இருந்தால் மூடுங்கள், நடத்தியவர் மேல் வழக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் உள்ளே இருப்பவர்களை "குடும்பத்தோடு சேர்த்துவிட்டோம்" என்று கணக்கு எழுதிவிட்டு அறுபத்தைந்து வயது அம்மா தலையில் கட்டினால் அதற்குப் பெயர் விடுதலை கிடையாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே அனுப்பப்படுகிறவர் போகப்போகும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் அங்கே யார் விழித்திருப்பார், அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சான் ஹோசே, கலிஃபோர்னியா