செயலாளர் ஆண்டறிக்கை: 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழையைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோத்தகிரியில் இயங்கும் நம் இயற்கைச் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளன்று பேருந்து நிலையத்தில் மஞ்சப்பை கொடுத்தோம். பலாப்பழ சீசனில் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வரும் என்பது நமக்குத் தெரியும், வெளியூர் வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று நோட்டீஸ் கொடுத்தோம். அக்டோபரில் வன உயிரின வாரத்தையொட்டி ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடந்தன. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நான்கு நாளும் கலந்துகொண்டோம்.

ஜனவரி கடைசியில் வந்த செய்தியை மட்டும் ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. நம் ஊரை ஒட்டிய லாங்வுட் சோலைக்காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதோடு அரியலூர் மாவட்டத்துக் காரைவெட்டி பறவைகள் சரணாலயமும் சேர்ந்தது. லாங்வுட் வெறும் 116 ஹெக்டேர்தான். ஆனால் நமக்கும் கீழே உள்ள பல ஊர்களுக்கும் குடிதண்ணீர் அந்தச் சோலையின் ஈரத்திலிருந்துதான் வருகிறது. அடுத்த இரண்டாவது நாள், பிப்ரவரி 2, ஈரநில நாள். அன்று மாலை இதே மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நாற்காலி பற்றாமல் பக்கத்தில் கடன் வாங்கினோம். இந்த ஆண்டில் அப்படி ஒரு கூட்டம் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

இனி இளையோர் குழு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன்மேல் கேள்விகள் வந்திருக்கின்றன.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-ல் நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் அப்போது இருபதுகளில் இருந்தவர்கள்தான் இன்றைக்கும் இந்தச் சங்கத்தை நடத்துகிறோம். நம் செயற்குழுவில் வயதில் சிறியவருக்கு 51. பல வருடம் கோடை முகாம் நடத்தினோம், சான்றிதழ் கொடுத்தோம், பிஸ்கட் கொடுத்தோம், குழு போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. நாம் அவர்களுக்குக் காட்டைக் காட்டினோமே தவிர, அவர்கள் கையில் எதையும் ஒப்படைக்கவில்லை.

அதனால் 2023 ஜூனில் வேறு மாதிரி தொடங்கினோம். 14 முதல் 19 வயது வரை, 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, வருடம் முழுக்க அவருடையது. ஒருவர் மழைமானி, ஒருவர் ஓடைத் தண்ணீர், இரண்டு பேர் பறவைக் குறிப்பு, மூன்று பேர் நாற்றங்கால், இப்படி. இடம், உறுப்பினர் ஒருவர் விட்டுக்கொடுத்த அரை ஏக்கர் ஓடைக்கரை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வகுப்பு. வகுப்பை எடுப்பது அவர்கள், முறை வைத்து. பெரியவர்கள் பின்னால் உட்கார வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும்.

இது சரியாக வருமா என்று எனக்கே முதலில் தயக்கம் இருந்தது. நவம்பரில் அது போய்விட்டது. ஓடைக்கரையின் மேல்பக்கம் சீகை மண்டிக்கிடக்கிறது, சீயக்காய் இல்லை, வாட்டில் மரம். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த மரம், இன்று புல்வெளியையும் விடுவதில்லை, ஓடையையும் விடுவதில்லை. மழை பெய்து மண் இளகியிருந்ததால் சின்னச் சீகைகளைக் கையால் பிடுங்கினோம். பெரிய மரங்களையும் அனுமதி வாங்கி ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்று பெரியவர்கள் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நாற்றங்கால் பார்க்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், "சார், ஒரு நிமிஷம் இங்கே வாங்க" என்று கூப்பிட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து சருகை ஒதுக்கிக் காட்டினார். சீகை நிழலில் முழங்கால் உயரத்துக்கு நாவல் கன்றுகள், விக்கி என்ற சோலை மரத்தின் கன்று ஒன்று, நாம் வைக்காதவை, பறவை போட்டவை. எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதியிருந்தார், பதினேழு.

"மேலே இருக்கிறதை மொத்தமா எடுத்துட்டா ஜனவரி உறைபனியிலே இதெல்லாம் கருகிடும் சார். வெயில் பட்டா மண்ணிலே கிடக்கிற சீகை விதையும் ஒரேயடியா முளைக்கும்" என்றார்.

சீகை விதை வருடக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், சோலைக் கன்று திறந்த வெளிப் பனியைத் தாங்காது, இரண்டும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அங்கே குனிந்து பார்த்தது அந்தப் பிள்ளைதான். வெட்டும் யோசனையை அதோடு விட்டோம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது என்று முடிவானது. எந்த மரத்தை எப்போது எடுப்பது என்று பட்டியல் போட்டதும் நாற்றங்கால் பார்க்கும் அந்த மூன்று பேர்தான்.

நாற்றங்கால் சாவியைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். கொடுத்தது நான்தான், இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாவல் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் விழுந்த கையோடு ஊன்ற வேண்டும். சாவிக்காக என் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. ஒரு மண்வெட்டிகூடத் தொலையவில்லை. பதிவேடு மேசையில் இருக்கிறது, பார்க்கலாம்.

நஷ்டம் வேறு வழியில் வந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பதிவேட்டில் நாம் 58 பேர். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் 19 பேர். வந்தவர்கள் ஐந்து பேர், அவரவர் முறைக்கு, வருடம் முழுக்க அதே ஐந்து பேர். காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்தில் நடமாடும் ஊர் இது. இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளை ஓடைப் பக்கம் அனுப்ப முடியாது, பெற்றோர்களுக்கு நாம் கொடுத்த வாக்கு அது. டிசம்பரிலும் ஜனவரியிலும் இரண்டு பெரியவர்கள் சேராத மூன்று சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் இரண்டு மாணவிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் போய்க் கேட்டேன். "நீங்களே வரமாட்டேங்கிறீங்களே சார்" என்றார் ஒருவருடைய அம்மா. என்னிடம் பதில் இல்லை.

மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த மாதம் மட்டும் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள் பொறுப்பு என்று செயற்குழுவில் தீர்மானமே போட்டோம். நான் மருத்துவமனையில் இருந்த பத்து நாளில் யாரும் போகவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் காய்ந்தன. தேர்வு முடிந்து வந்த பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் காய்ந்த பைகளைப் பிரித்து மண்ணை ஒரு பக்கம் குவித்தார்கள்.

வரவு செலவை விவரமாகப் பொருளாளர் வைப்பார். சுருக்கமாக, செலவு ஏறியிருக்கிறது, கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. ஜீப் வாடகை, நாற்றங்கால் நிழல்வலை, நோட்டுகள், கூட்டச் செலவு ஆகியவைதான் முக்கியமானவை. இளையோர் குழுதான் பணத்தைத் தின்றது என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 31 பேர் கட்டவில்லை, அதில் சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. அது வந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

நிலம் கொடுத்த உறுப்பினருக்கும், கேட்டபோதெல்லாம் வந்து பேசிய வனத்துறை ஊழியர்களுக்கும், பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், மண்டபத்தாருக்கும், தணிக்கை பார்த்தவருக்கும் சங்கத்தின் நன்றி. தங்கள் முறைக்குத் தவறாமல் வந்த அந்த ஐந்து பேருக்கு என் சொந்த நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு விஷயம். குழுவில் இரண்டு பேருக்கு 18 வயது நிறைந்துவிட்டது. அவர்களை வாக்குரிமையோடு செயற்குழுவில் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பார்வையாளராக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வருடம் ஓடையின் தண்ணீர் மட்டத்தை ஒரு வாரம்கூட விடாமல் எழுதியவர், நம் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை உள்ளவர்தான்.

இரண்டாவது, என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. இன்னும் ஒரு ஆண்டு இருக்கச் சொல்லிப் பலர் போன் செய்தீர்கள். இருக்கலாம். ஜூன் முதல் மார்ச் வரைக்குமான சனிக்கிழமைப் பட்டியலை டீ வைத்திருக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு கோடு காலியாக இருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்