வளைவில் சாயும் வண்டியைப் பற்றி மகளுக்கு

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். காவடித் திருநாள் நல்லபடியாக நிறைவேறியது; அம்மா தனியாக எழுதுவாள். இந்தக் கடிதம் முழுவதும் பனியில் ஓடும் உன் ஸ்னோமொபைல் வண்டியைப் பற்றியது. நீ அனுப்பிய காணொளியையும் கையேட்டின் பக்கங்களையும் பலமுறை பார்த்த பிறகே எழுதுகிறேன்.

வளைவில் திரும்பும்போது உட்பக்க ஸ்கி (முன்னால் சறுக்கும் பட்டை) பனியை விட்டு எழும்புகிறது, வண்டியின் உடல் வெளிப்பக்கம் சரிகிறது, வளைவின் முடிவில் நீ வேகம் கொடுத்தவுடன் முன்பக்கம் இலேசாகி வண்டி நேராக ஓடப் பார்க்கிறது. முன் ஸ்பிரிங்குகளை இறுக்கிவிட்டால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு அவற்றைத் தொடாதே, அம்மா. அவற்றை இறுக்கினால் வண்டியின் முன்புறம் உயர்ந்து நிற்கும். உயரம் கூடினால் கவிழும் போக்கும் கூடும். உன் வண்டியின் கோளாறு முன்னால் தெரிகிறதே தவிர, அதன் காரணம் பின்னால், வண்டியைத் தள்ளும் டிராக் என்ற சுழல்பட்டையின் உள்ளே இருக்கிறது என்பதே என் கணிப்பு.

அறுவடைக் காலத்தில் கரும்பை உச்சிவரை அடுக்கிக்கொண்டு போகும் லாரி வளைவில் எப்படிச் சாயும் என்பதை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். ஆனால் லாரி நான்கு மூலைகளிலும் சக்கரம் ஊன்றி நிற்கிறது. உன் வண்டியோ ஏறத்தாழ 38 செ.மீ. அகலமுள்ள டிராக்கை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் உள்ள இரண்டு ஸ்கிகளை மட்டுமே பக்கத்துணையாகக் கொண்டிருக்கிறது. அந்த ஸ்கிகளின்மேல் போதிய எடை இல்லையென்றால் வண்டி குறுகிய டிராக்கின்மேல் தள்ளாடும். எனவே எடையை ஸ்கிகளுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நீ செய்ய வேண்டிய முதல் வேலை.

அதற்கு முன் ஸ்கிகளின் அடியில் உள்ள கார்பைடுப் பட்டைகள் மழுங்கியிருக்கின்றனவா, ஸ்கிகளின் இணைப்பில் உள்ள பால் ஜாயிண்டுகளில் (உருண்டை மூட்டுகளில்) ஆட்டம் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிடு. தேய்ந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு செய்யும் எந்தச் சரிக்கட்டலும் நிலைக்காது.

பிறகு பின்பக்கத்தை அள. பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தாங்கு அமைப்பு) முழுவதும் நீண்ட நிலையில், தரையிலிருந்து பம்பர் வரையுள்ள உயரத்தைக் குறித்துக்கொள். அடுத்து, வழக்கமாக அணியும் உடை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றோடும் ஏறி அமர்ந்து, இரண்டு மூன்று முறை அமுக்கி எழுந்து, அசையாமல் உட்கார்ந்துகொள். அதே இடத்தைத் தோழி ஒருத்தி அளக்கட்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு, சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருப்பது பொதுவாக நல்லது. உன் மாடலுக்குக் கையேடு தனி அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்று. காணொளியில் உன் வண்டி பின்னால் வெகுவாக அமிழ்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பின்பக்கம் அமிழ்ந்தால் முன்பக்கம் எழும்பும். அப்படியிருந்தால் பின் ஸ்பிரிங்கின் கேமை (இறுக்கத்தைப் படிப்படியாக மாற்றும் திருகு உறுப்பை) இரு பக்கமும் ஒரே அளவில் ஒரு படி கூட்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, அதற்கென்று உள்ள கருவியால் மட்டுமே திருப்பு. விறைத்து நிற்கும் ஸ்பிரிங்கின் அருகே விரலைக் கொண்டுபோகாதே.

இனிச் சொல்வதுதான் முக்கியமானது. டிராக்கின் உள்ளே, முன் கையோடு (டிராக்கின் சட்டத்தை வண்டியின் உடலோடு பிணைக்கும் முன் தண்டோடு) இணைந்த ஷாக் ஒன்று இருக்கிறது. நடு ஷாக் என்பார்கள். அதன் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் அது வண்டியின் வயிற்றுக்குக் கீழே முட்டுக்கொடுத்து, ஸ்கிகள் சுமக்க வேண்டிய எடையைத் தான் வாங்கிக்கொள்ளும். அந்த இறுக்கத்தை ஒரு சுற்று தளர்த்தி, அதே வளைவில், அதே வேகத்தில் ஓட்டிப் பார். ஸ்கிகள் பனியைக் கவ்வத் தொடங்குவதைக் கைப்பிடியிலேயே உணர்வாய். மேடுபள்ளங்களில் அந்த ஷாக் அடியில் போய் இடித்தால் அளவுக்கு மேல் தளர்த்திவிட்டாய் என்று பொருள். பாதி சுற்று திரும்பக் கூட்டு.

அதுவும் போதவில்லை என்றால் லிமிட்டர் ஸ்ட்ராப்பைக் கவனி. முன் கை எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பட்டை அது. அதை ஒரு துளை குறுக்கினால், நீ வேகம் கொடுக்கும்போது முன்பக்கம் மேலெழுவது குறையும். ஸ்கிகளில் அழுத்தம் கூடும். உன் வண்டியில் இரண்டு ஸ்ட்ராப்புகள் இருந்தால் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். குறுக்கிய பின் டிராக்கின் இறுக்கத்தை மறுபடி சரிபார். இதற்கு ஒரு விலை உண்டு: கைப்பிடி கனக்கும், ஆழமான புதுப்பனியில் முன்பக்கம் புதையும். நீ பெரும்பாலும் சீர்செய்யப்பட்ட பாதைகளில்தான் ஓட்டுகிறாய் என்பதால் அந்த விலை உனக்குக் கட்டுப்படியாகும்.

பின் கையில், அதன் அசைவுக்கு வரம்பிடும் கப்ளர் பிளாக் என்ற கட்டை இருந்தால், அதை ஒரு நிலை கடினமாக்குவது வளைவின் முடிவில் எடை பின்னோக்கி ஓடுவதைக் குறைக்கும். ஸ்வே பாரைக் கடைசியாக வைத்துக்கொள். அது இடது வலது ஸ்கிகளைப் பிணைத்து உடல் சாய்வைக் குறைக்கும் கம்பி. கடினமாக்கினால் வண்டி தட்டையாகத் திரும்பும், ஆனால் ஒரு ஸ்கி மேட்டில் ஏறினால் மற்றதும் அந்த அதிர்ச்சியை வாங்கும்.

ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலின் தொடக்ககால வண்டிகளில் ஸ்கிகளைத் தாங்கியவை, நான் இங்கே லாரிகளில் நாள்தோறும் கையாண்ட பட்டை ஸ்பிரிங்குகளே. 1959இல் கியூபெக்கின் வால்கூரில் தொடங்கிய அந்த வண்டி, இன்று ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய். செய்ததை உடனே எழுதி வை. கடுங்குளிரில் ஷாக் எண்ணெய் தடித்து விறைப்பாக இருக்கும், ஆகவே சிறிது தூரம் ஓட்டிய பிறகே எதையும் தீர்மானி. பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடு. உடலை முன்னோக்கிக் கொண்டுவந்து உட்பக்கம் சாய். வளைவின் நடுவில் திடீரென்று வேகம் கொடுக்காதே. பாதைகளில் அங்குள்ள சட்டம் விதித்த வேக உச்சவரம்பைத் தாண்டாதே. குறுகிய வளைவுகளில் அதில் பாதிகூட அதிகம்.

பின்னிருக்கையில் யாரையாவது ஏற்றும் நாளில் பின் கேமைக் கூட்டி, தனியாக ஓட்டும்போது பழைய படிக்கே கொண்டுவர மறக்காதே. பம்பரின் இரண்டு அளவுகளையும், நடு ஸ்பிரிங்கை எத்தனை சுற்று தளர்த்தினாய் என்பதையும் எழுதி அனுப்பு. அவற்றைப் பார்த்த பிறகு, முன் ஸ்பிரிங்குகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா